படகை நான் விற்கவில்லை

வின்ட்வார்ட், கரியக்கூ தீவு,
கிரெனடா.
1984 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பான ஆல்ஸ்டனுக்கு,

உன் வெர்னெட்டா எழுதுவது. நானும் குழந்தை ஓடெட்டும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கிருந்து கியூபாவுக்கு நேராக எதையும் அனுப்ப முடிவதில்லை. அதனால் இதையும் ட்ரினிடாடில் இருக்கும் உன் அக்கா இல்மாவின் விலாசத்துக்கே போடுகிறேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும். பெண்டாட்டி புருஷனுக்கு எழுதுவதைப் படித்து அவர்கள் என்னத்தைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்?

உன் கடிதம் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் மீன்பிடிப் பள்ளிக்கூடத்திலிருந்து உங்களை அனுப்பிவிடுவார்கள், நீ அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாய், ஊர் மண்ணை மட்டும் இனி மிதிக்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய். பாதி கட்டி நிற்கும் படகை வந்த விலைக்கு விற்றுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே வந்துவிட வேண்டுமாம். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அன்று சட்டியில் இருந்த களியை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கியூபாவிலிருந்து திரும்பிய ஒரு பையனை விமான நிலையத்தில் தனி அறையில் உட்காரவைத்துக் குடைந்து எடுத்துவிட்டார்களாம். அவன் புத்தகங்களைக்கூடத் திருப்பித் தரவில்லையாம். நீ போகும்போது அரசாங்கமே கைகுலுக்கி வழியனுப்பியது. டீசல் இயந்திரம் பழகிவிட்டு வருவதற்குள் அந்த அரசாங்கம் தன் ஆட்களையே சுட்டுக்கொன்று தானும் அழிந்தது. அடுத்த வாரமே வானம் முழுக்க அமெரிக்க ஹெலிகாப்டர்கள். இப்போது ரம் கடையில் பாதிப் பேர் "நம்மளக் காப்பாத்த வந்தாங்க" என்கிறார்கள், மீதிப் பேர் "நம்மளப் புடிக்க வந்தாங்க" என்கிறார்கள். இரண்டு கூட்டமும் குடிப்பது ஒரே ரம்தான், உட்காரும் பெஞ்சு மட்டும் வேறு வேறு.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பயப்படுவது விமான நிலைய அதிகாரிக்கு இல்லை, உன் பெரியப்பா மகன் ஹெஸ்டருக்கு. அந்தப் பழைய அரசாங்கத்தை ரம் கடையில் வாய்க்கு வந்தபடி பேசினார் என்று அவரைப் பிடித்துப் போன அன்று, துப்பாக்கியோடு அவர் வாசலில் நின்ற ஊர்ப்படையில் நீயும் இருந்தாய். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், நீ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம். விசாரணையே இல்லாமல் இரண்டு வருஷம் உள்ளே கிடந்தவரை அமெரிக்கர்கள் வந்துதான் திறந்துவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டார். வந்த நாளிலிருந்து நம் வீட்டு வழியாக நடப்பதில்லை, கிணற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

படகை நான் விற்கவில்லை. வாங்க வந்த ஆளுக்குக் கொக்கோ டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மிச்சப் பலகையை என் தம்பி லெனார்ட் அடித்தான். தண்ணீர் புகாமல் இடுக்குகளுக்குப் பஞ்சு வைத்து அடித்தது நான்தான், என் கை இப்போது உன் கையைவிடக் காய்ப்பு. கியூபாக்காரர்கள் தருவதாகச் சொன்ன இயந்திரம் இனி எங்கே வரப்போகிறது? பாய்மரம் கட்டிவிட்டோம். பெயரும் நீ சொன்னதுதான், "முன்னேறு". போலீஸ்காரர் செலஸ்டின் வந்து, அது பழைய அரசாங்கத்து ஆட்களின் கோஷமாயிற்றே, மாற்றக் கூடாதா என்று இழுத்தார். "அப்ப 'பின்னாடி போ'ன்னு வைக்கட்டுமா? அந்தப் படகுல நீங்க ஏறுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்றுதான் படகை இறக்கினோம். கடாவும் சேவலும் அறுத்து, பாதிரியார் தண்ணீர் தெளித்து, எல்லாம் முறைப்படிதான். படகு இறக்க யாரையும் போய் அழைக்கிற வழக்கம் நமக்கில்லையே. மேளச் சத்தம் கேட்டால் வந்து கயிறு பிடிக்க வேண்டும், வராதவன் அந்த வீட்டோடு உறவை அறுத்துக்கொண்டான் என்று பொருள். பாதி ஊர்தான் வந்தது. மீதிப் பாதி ஹெஸ்டரோடு பாதாம் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

முட்டுகளை வெட்டிப் படகை உருளைமேல் சாய்த்தோம். கொஞ்சம் நகர்ந்தது. மூக்கு தண்ணீரைத் தொட்டது, பின்பக்கம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஆளும் போதவில்லை, இழுவைப் பாட்டெடுக்க ஹெஸ்டரின் குரலும் இல்லை. லெனார்ட் பாடிப் பார்த்தான். அறுபடாமல் மிஞ்சிய ஆடு கத்துவதுபோல் இருந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலை ஏறினால் படகு பக்கவாட்டில் புரண்டு பலகை பிளந்துவிடும் என்று உனக்கே தெரியும்.

அப்போதுதான் மேலே சாலை போடுகிற அமெரிக்கச் சிப்பாய்கள் லாரியைக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சார்ஜென்ட் நல்ல பையன். "கவலைப்படாதீங்கம்மா, அஞ்சே நிமிஷம்" என்று சங்கிலியோடு வந்து நின்றான். மறைப்பானேன், சரி என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன்.

அதற்குள் ஹெஸ்டர் மரத்தடியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். "தம்பி, சங்கிலியக் கீழ போடு. நீங்க ஜெயிலத் தொறந்து விட்டீங்க, அந்த நன்றி நான் சாகுறவரைக்கும் இருக்கும். ஆனா எங்க படக நாங்கதான் இழுப்போம்" என்றார். அப்புறம் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "அங்கேருந்து ஒருத்தன் என்ஜின் தர்றேன்னான், இங்கேருந்து ஒருத்தன் லாரி தர்றேங்குறான். நமக்கென்ன கை வெளங்காமப் போச்சா? வாங்கடா, வந்து புடிங்கடா!"

வந்தார்கள் ஆல்ஸ்டன், அத்தனை பேரும் வந்தார்கள். பெஞ்சு பிரித்து உட்காருகிறவர்கள் ஒருவன் முதுகில் ஒருவன் மூச்சுவிட்டுக்கொண்டு ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். ஹெஸ்டர் பாட்டெடுத்தார். சிறை அந்தக் குரலை ஒன்றும் செய்யவில்லை. போலீஸ்காரர் செலஸ்டின் தொப்பியைக் கழற்றிவிட்டு இழுத்தார். அந்தச் சார்ஜென்டும் கயிற்றின் வாலைப் பிடித்தான், படகு சரேலென்று போனதும் மல்லாக்க மணலில் விழுந்தான். உன் படகு தண்ணீரில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுதேன்.

சாப்பாட்டின்போது ஹெஸ்டர் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அவன நான் மன்னிக்கல. அப்படியே எழுது" என்றார். சரி என்றேன். "அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். கடுதாசில இல்ல, நேருக்கு நேரா. அவன் ட்ரினிடாட்லயே ஒளிஞ்சுக்கிட்டா நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன் வெர்னெட்டா?" என்றவர், கறித்துண்டை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே முடிவு செய்துவிட்டோம். ஈஸ்டர் முடிந்ததும் நம் படகு ட்ரினிடாடுக்கு வரும். பாய்க்கு லெனார்ட், சுக்கானுக்கு ஹெஸ்டர். சுக்கானை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். எந்த அதிகாரியையும் கேட்காமல் இந்தக் கரைக்கு எத்தனை விஸ்கிப் பெட்டி வந்திறங்கியிருக்கிறது, ஒரு புருஷன் வந்திறங்க முடியாதா? செலஸ்டினிடமும் சொல்லிவிட்டேன். "மொதல்ல வந்து வயிறாரச் சாப்பிடட்டும், கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்" என்கிறார்.

ஹெஸ்டர் உன்னை அடித்தாலும் அடிப்பார். வாங்கிக்கொள். நீ சுடவில்லை, பிடிக்கவில்லை, சும்மாதான் நின்றாய் என்றெல்லாம் நியாயம் பேசாதே. அவர் கேட்கிற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு. மூன்று பேரும் பேசாமலே ஊர் வந்து சேர்ந்தாலும் எனக்குச் சம்மதம், வந்து சேர்ந்தால் போதும். கடல் உன்னிடம் சாந்தமாக இருக்கட்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
வெர்னெட்டா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஹெஸ்டர் வாசலுக்கே வந்துவிட்டார். அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இளைத்துவிட்டாயா என்று கேட்டு எழுதச் சொன்னார். அவர் கேட்டதாக எழுதக் கூடாதாம், நான் கேட்டதாகத்தான் எழுத வேண்டுமாம்.