முட்டைக்கோஸில் எலுமிச்சைப் புழு

நவம்பர் 5, புதன்

காய்கறிக் கூடைகள் போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் புகைப்படம் வந்துவிட்டது. காலிஃபிளவர். அதில் ஒரு புழு. புழுவைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அனுப்பியவர் மூன்றாம் மாடி டீச்சர். 'இது என்ன?' என்று கேள்வி வேறு. புழுதான் டீச்சர். மருந்து அடிக்காத தோட்டத்தில் பின்னே மயிலா வரும்?

இப்படி எழுதி, அழித்துவிட்டு, 'மன்னிக்கவும்' என்று அனுப்பினேன். நம்மிடம் கூடை வாங்கும் வீடுகளில் முக்கால்வாசி அந்த ஒரே குடியிருப்பில். அங்கே டீச்சர் வைத்ததுதான் சட்டம். அவர் வேண்டாமென்றால் தோட்டத்தை மூடிவிட்டு நான் பழைய ஆபீஸ் நாற்காலிக்கே போக வேண்டியதுதான். நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

நவம்பர் 6

இவருடைய, அதாவது என் கணவருடைய, அக்கா வந்திருக்கிறார்; எனக்கு அண்ணி. ஒரு மாதம் தங்கி ஓய்வெடுப்பாராம். படத்தைக் காட்டினேன்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நாளையிலேர்ந்து நான் பார்த்துக்கறேன்."

ஓய்வு அவ்வளவுதான்.

நவம்பர் 8

அண்ணி விடிந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிவிடுகிறார். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, புழுவைக் கையால் பொறுக்கி டப்பாவில் போடுகிறார். டப்பா நேரே கோழிக்கூட்டுக்கு. ஓட்டை விழுந்த இலை, வடுப்பட்ட கத்தரிக்காய், எல்லாம் அங்கேதான். கோழிகள் அவரைக் கண்டால் ஓடி வருகின்றன. என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வளர்த்தது நான்!

நவம்பர் 12, புதன்

இன்றைய கூடைகளைப் பார்த்து இவரே கேட்டார்: "இது நம்ம தோட்டத்துதானா?" ஒரு புள்ளி இல்லை, ஓட்டை இல்லை. டீச்சர் இனி வட்டம் போட இடம் தேடட்டும்.

நவம்பர் 13

போச்சு. எல்லாம் போச்சு.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் டீச்சர் எழுதியிருக்கிறார்: 'போன வாரம் புழு. இந்த வாரம் ஓர் ஓட்டைகூட இல்லை. என்ன மருந்து அடித்தீர்கள்?' கீழே வீட்டுக்கு வீடு, 'எனக்கும் அதே சந்தேகம்'. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவார்களாம். திருப்தியில்லை என்றால் கூடையை நிறுத்திவிடுவார்களாம்.

புழு இருந்தாலும் குத்தம், இல்லேன்னாலும் குத்தம். நான் என்னதான் பண்றது? அழுகையா வருது. அண்ணியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? நீங்க ஒழுங்கா வேலை செஞ்சதுதான் வினையாச்சுன்னா?

நவம்பர் 15

தோட்டம் முழுக்கத் தேடிவிட்டேன். நாளை டீச்சர் கண்ணில் காட்ட ஒரு புழு இல்லை. "கவலையை விடு, நான் ஏற்பாடு பண்றேன்" என்கிறார் இவர். இவர் ஏற்பாடு பண்ணி இதுவரை எது உருப்பட்டிருக்கிறது?

நவம்பர் 16, ஞாயிறு

டீச்சர் நாலு பேரோடு வந்தார். இவர் நேரே முட்டைக்கோஸ் பாத்திக்குக் கூட்டிப் போனார்.

"பாருங்க மேடம், எவ்வளவு புழு! மருந்து அடிச்சா இப்படி இருக்குமா?"

நிஜமாகவே இலைக்கு இலை புழு. கொழுகொழுவென்று, பச்சைப் பசேலென்று. நேற்று எங்கே போயிருந்தன இவை? டீச்சர் குனிந்து ஒன்றை விரலால் தட்டினார். அது தலையிலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டியது.

"நான் உயிரியல் டீச்சர்ங்க. இது எலுமிச்சை இனத்து இலையைத்தான் தின்னும். முட்டைக்கோஸ்ல இதுக்கு என்ன வேலை?"

இவர் திருதிருவென்று விழித்தார். "சும்மா... சுத்திப் பார்க்க வந்திருக்கும்."

வேலியோரம் நிற்கும் எலுமிச்சை மரத்தை நான் பார்த்தேன். இவரைப் பார்த்தேன். வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். மருந்து என்ற பேச்சு அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. டீச்சரின் கையைப் பிடித்துக் கோழிக்கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அவர் கழித்துப் போட்ட இலைகள், சல்லடையாகி, குவியலாகக் கிடந்தன.

"குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி என் இடுப்பே போச்சு. உங்க வீட்டுக்கு நல்லதா போகணும்னு பார்த்தா, விஷம் வெச்சேங்கறீங்களா?"

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. "எல்லாம் அண்ணி கையால பொறுக்கினது டீச்சர். அந்த எலுமிச்சைப் புழு மட்டும்தான் எங்க திருட்டுத்தனம்" என்றேன்.

டீச்சர் ஓர் ஓட்டை இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கோழி எம்பி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"இதையெல்லாம் கோழிக்கா போடறீங்க?" என்றார். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நவம்பர் 17

இவர் காலையிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எலுமிச்சை மரத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அக்காவின் உத்தரவு.

நவம்பர் 18

'நாளை எல்லா வீட்டுக்கும் கூடை வேண்டும். ஓட்டை இலையும் சேர்த்து.' டீச்சரிடமிருந்து இவ்வளவுதான். நான் துள்ளியதில் கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

நவம்பர் 19, புதன்

அரைமணி நேரத்தில் புகைப்படம். காலிஃபிளவர். புழு. சிவப்பு வட்டம். பக்கென்றது. கீழே டீச்சர்: 'இந்தப் புழு காலிஃபிளவரில் குடியிருக்க வேண்டியவர்தான். சந்தேகமில்லை.' அதற்கும் கீழே நாலாம் மாடி: 'எங்கள் கூடையில் மட்டும் ஏன் இல்லை?'

அண்ணியிடம் காட்டினேன். "உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்கே!"

"தப்பிக்கல. நான்தான் விட்டு வெச்சேன். காலிஃபிளவர்லயே பொறந்தது, உன் புருஷன் வேலை மாதிரி இல்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலாம் மாடிக்கு அடுத்த வாரம்னு சொல்லு."