எண்ணாமல் விட்டவர்கள்

அண்ணா,

உங்கள் தலையணையில் இன்னும் வலித்தைலத்தின் மணம் இருக்கிறது. உறையைத் தோய்க்க அம்மா விடவில்லை. அதில் தலை வைத்தபடி, போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா விழித்தால் பறித்துவிடுவா.

யாழ்ப்பாணத்தில் ஷெல் துண்டு உங்கள் இடுப்பைக் கிழித்தபோது ஆஸ்பத்திரியில் வலிக்குப் போட்ட ஊசி, பிறகு உங்களை விடவேயில்லை. தெற்கே வெள்ளவத்தைக்கு வந்த பின்னும் கொட்டாஞ்சேனையில் யாரிடமோ வாங்கிப் போட்டீர்கள். அம்மா எங்கிருந்தோ அந்தப் பழக்கத்தை விடுவிக்கும் ஒரு சிகிச்சை இல்லத்தின் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தா. 'எமது ஆய்வின்படி, சிகிச்சையை முடித்த அனைவரும் குணமடைந்தனர்.'

வாசித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"முடிச்ச ஆக்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் பாஸ்தானேடி. மொக்குப் பிள்ளையளைச் சோதினைக்கு விடாமல் மறிச்சுப்போட்டு, எல்லாரும் சித்தி எண்டு உங்கட பள்ளிக்கூடம் போர்ட் போடுறேல்லையே? அதுதான் இதுவும்."

"அப்ப போகாதேங்கோ."

"அம்மான்ரை முகத்தைப் பார். போகாமல் இருக்கேலுமே?"

போனீர்கள். ஊசியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். வலிக்கு வேறொன்றும் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது அவர்களுடைய கட்டிலில் விறைத்துக் கிடந்தீர்கள்.

இன்று பின்னேரம் இல்லத்துப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஆய்வுக்கான படிவம். உங்கள் பெயருக்கு எதிரே 'இடையில் விலகினார்' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது.

"சும்மா ஒரு சைன்தான் அம்மா. நீங்கள் வடக்கிலையிருந்து வந்த ஆக்கள். இஞ்ச தங்குறதுக்கான பொலிஸ் பதிவும் இன்னும் புதுப்பிக்கேல்லை எண்டு கேள்விப்பட்டன். ஏன் வீண் பிரச்சினை?"

அம்மா அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. "நாளைக்குக் காலமை வாங்கோ, சைன் வைச்சுத் தாறன்" என்றா.

பயமாக இருக்கிறது, அண்ணா. றோட்டில் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டாலே டோர்ச்சை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் நீங்கள் ஓடிப்போனதாக எழுதி, உங்களைக் கணக்கில் இருந்து தள்ளிவிட்டு, அவர்கள் இன்னொரு பிரசுரம் அடிக்க நான் விடமாட்டேன். அதையும் ஒரு தாய் நம்புவா.

'விலகினார்' என்பதைக் குறுக்கே வெட்டினேன். மேலே எழுதினேன்: 'விலகவில்லை. பதினோராம் நாள் இல்லத்திலேயே இறந்தார். இவரையும் எண்ணுங்கள்.' கீழே கையெழுத்துக்காக அடித்திருந்த அம்மாவின் பெயரை வெட்டி, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். அழிக்க முடியாதபடி பேனையால்தான் எழுதினேன்.

காலையில் அம்மா அடிப்பா. அடிக்கட்டும். படிவத்தை நானே அந்த ஆளின் கையில் கொடுப்பேன். உங்களுக்கு முன்னம் 'விலகிய' ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்பேன். பதில் சொல்லாமல் படியிறங்க விடமாட்டேன்.