புஷ்பத்துக்கு எழுந்த கைதட்டல்

ஞாயிறு, இரவு.

இங்கே லின்ஃபீல்ட் மண்டபத்தில், ஊரில் தமிழருக்கான தனிநாட்டு வாக்கெடுப்பைப் பற்றிக் கூட்டம். ஊரில் இன்னும் வாழ்கிறவர்களே வாக்களிக்க வேண்டும், நியூசிலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்கு உரிமையில்லை என்று திருத்தமாகப் பேசினேன். ஒருவரும் கைதட்டவில்லை.

பிறகு எங்கள் ஊர்க்காரி புஷ்பம் எழுந்தாள். "என்ர பிள்ளையைப் புதைச்ச மண். எனக்கு வாக்கில்லையோ, அக்கா?"

மண்டபமே எழுந்து கைதட்டியது. என் மகன் ரவியும்.

சண்டை முற்றுமுன் அவனை விமானம் ஏற்றியவள் நான். அவள் தன் மகனை அனுப்பவில்லை. மதிப்பு மட்டும் அவளுக்கா?

"அம்மா, முன்னுக்கு இருங்கோ" என்று கூட்டம் முடிந்ததும் ரவி அவளுக்குக் கார்க் கதவைத் திறந்தான். என்னை அவன் அழைப்பது மம்மி. நான்தான் அப்படிப் பழக்கினேன்.

ஒனிஹங்காவில் தன் வீட்டு வாசலில் அவள் இறங்கினாள். நான் பின்சீட்டிலேயே இருந்தேன். முன்னே வரும்படி அவன் கேட்கவில்லை.