அம்மா இத்தாலியில் நின்றுவிட்ட விஷயம்

வெம்பிளி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தயாளினிக்கு,

துர்க்கை அம்மன் அருளால் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகனும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் எனக்கு ஒழுங்கு தவறிவிடும், ஆகவே எழுதுகிறேன். சொல்லப்போவதன் வரிசை இது:

1. மோட்டார்ஹோமில் இத்தாலிக்குப் போனது.
2. ராகுகாலத்தால் வந்த பிழை.
3. அம்மா எங்களோடு திரும்பி வராதது.
4. அம்மாவை வரச்சொல்லி நீ உடனே போன் செய்ய வேண்டியது.

உன் அண்ணா ரதீசன் வாடகைக்கு எடுத்த வண்டி ஒரு சின்ன வீடுதான், கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருந்தன. முதல் நாள் உன் அண்ணி மிதுஷா ரைஸ் குக்கரைப் போட்டதும் வண்டியில் கரண்ட் நின்றுவிட்டது, அதன்பிறகு காஸ் அடுப்பில்தான் சோறு. அங்கே கடற்கரைக் கிராமங்கள் மலைச்சரிவில் இருக்கின்றன. வண்டி உள்ளே போகாது, மேலே நிறுத்திவிட்டு நூறு இருநூறு படி இறங்க வேண்டும், என் முழங்காலைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அம்மா இத்தாலியன் பேசினார். மீன்கடைக்காரியோடு விலை பேசிச் சண்டை பிடித்து, பிறகு இருவரும் சிரித்தார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு அது சந்தோஷமா சங்கடமா என்று இன்னும் விளங்கவில்லை. அண்ணாவும் நீயும் பிறப்பதற்கு முன், லண்டனுக்கு என்னிடம் வரும் வழியில், அம்மா விசா பேப்பர் இல்லாமல் நாலு வருடம் அங்கே அகப்பட்டு, சில்வானா என்ற ஒரு பெண்மணியின் வீட்டில் வேலை செய்தது உனக்குத் தெரியும். அது கஷ்டகாலம், கிளறக்கூடாது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைப் பண்பு என்று நினைத்திருந்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பயணத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, லெவாந்தோவுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போகவேண்டும் என்று அம்மா சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடையில் தந்த தமிழ்க் கலண்டரை எடுத்து ராகுகாலம் பார்த்தேன். அது லண்டனுக்குக் கணித்தது. மாத்திரை நேரம் தவறக்கூடாது என்று என் மணிக்கூட்டையும் லண்டன் நேரத்திலேயே வைத்திருந்தேன். அதில் ஒரு மணி, அதாவது அங்கே இரண்டு மணி, ஆகும்வரை வண்டியை எடுக்க விடவில்லை. “லண்டன் ராகு பாஸ்போட்டோட இஞ்சையும் வந்திட்டாரோ அப்பா?” என்று ரதீசன் கேட்டான். “மாமா, இஞ்ச சூரியன் முந்தியெல்லோ உதிக்குது” என்று மிதுஷா சொன்னாள். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிப் படியில் இருந்தார். பிறகு நான் தாளில் கணக்குப் பார்த்தேன், அங்கே ராகுகாலம் நாற்பது நிமிடம் முன்பே முடிந்திருக்கிறது. நாங்கள் படியிறங்கி ஒரு முதியோர் இல்லத்தின் வாசலுக்குப் போனபோது அந்த ஊர் நேரம் மூன்று பத்து. பார்வை நேரம் மூன்று மணியோடு சரி, இனித் திங்கட்கிழமைதான். சில்வானா அதற்குள் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திங்கள் காலை வண்டியை லண்டனில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“நீங்கள் போங்கோ, அவவைப் பாக்காமல் என்னால வரேலாது” என்று அம்மா நடுத்தெருவில் சொன்னார். தனிய என்னெண்டு இருப்பீர் என்று கேட்டேன். “நாலு வருசம் தனியத்தானே இருந்தனான். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே” என்றார். ரதீசன் கடலைப் பார்த்தான். அங்கே ஒரு அறை எடுத்து அம்மாவை விட்டுவிட்டு வந்தோம். இன்றோடு இரண்டு கிழமை. சில்வானாவுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லையாம். ஆனாலும் அம்மா போய் கரண்டியால் சூப் தீத்திவிடுகிறாராம். முன்பு அம்மா காய்ச்சலில் கிடந்தபோது பதினொரு நாள் சில்வானாதான் தீத்தினாராம். இது மிதுஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவவுக்கு உம்மைத் தெரியாதெண்டால் ஏன் நிக்கிறீர் என்று போனில் கேட்டேன். “எனக்குத் தெரியுந்தானே” என்றுவிட்டு, கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணி விட்டீங்களோ என்று கேட்டார். நாற்பது நிமிடத்துக்கான கோபமா, முப்பது வருடத்துக்கான கோபமா, அல்லது கோபமே இல்லையா? வருவாரா? எப்படி யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி ஒற்றுமையாக வாழ அம்மனை வேண்டுகிறேன். உன் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் எடு.

மகள், மேலே போட்ட வரிசையைத் திரும்ப வாசித்தேன். நாலாவது பிழை. அம்மாவை வரச்சொல்லி நீ போன் செய்யாதே. நான் பேச வேண்டியதை உன்னைக் கொண்டு பேசுவிக்கப் பார்த்திருக்கிறேன். இன்று பின்னேரம் அம்மா போன் எடுக்கும்போது, எப்போது வருவீர் என்று கேட்கமாட்டேன். அங்கே போய் இறங்கிய முதல் நாள் எங்கே படுத்தீர் என்று கேட்கப்போகிறேன். அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது. நாலாவதை நீயே வெட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
அம்பலவாணன்