பன்னிரண்டு ஐம்பத்தாறு

ஸ்வான் பிரெய்ரி, மினசோட்டா
18 ஜனவரி 1996, வியாழன்

அன்புள்ள ஆர்வில்,

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அரிசோனாவுக்குக் கிளம்பிவிட்டாய். உன் விலாசத்துக்காக நீ போஸ்ட் மாஸ்டராக இருந்த அதே தபால் ஆபீஸில் போய்க் கெஞ்சினேன். "வெளிய சொல்லக் கூடாதுங்க" என்று அந்தப் பெண் கையை விரித்தாள். எல்லாம் நீ பழக்கி வைத்த பழக்கம். கடைசியில் உன் மகள் ரோண்டாவைத்தான் போனில் பிடித்தேன்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். டிசம்பர் பதினான்காம் தேதி சங்கத்தின் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் நீ மறைந்த உன் மனைவி ஆர்டிஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் மணியை அடித்துவிட்டேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்? பன்னிரண்டுக்குச் சாப்பாடு, அப்புறம் பேச்சாளர், ஒரு மணிக்கு மணி. வந்தவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும், வெர்னனுக்குப் பண்ணையில் பன்றிகள் காத்திருக்கும். பத்தொன்பது வருஷமாக நான்தான் மணிக்காரன். மாநில செனட்டர் ஒருவரையே பாதி வாக்கியத்தில் உட்கார வைத்தேன். அன்றைக்கு முதலில் கை தட்டியவன் நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து, இன்றோடு நீ வராத வியாழன் மூன்று. சேர்ந்தாற்போல் நான்கு ஆனால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது நம் சங்க விதி. வெளியூர் போகிறவன் அந்த ஊர்ச் சங்கத்தில் சாப்பிட்டு ஒரு வருகைச் சீட்டு வாங்கி அனுப்பினால் தப்பிக்கலாம். ரோண்டாவின் கல்யாணத்தன்றே கோட்டில் பூவோடு டுலூத் சங்கத்துக்கு ஓடிப்போய்ச் சீட்டு வாங்கி வந்தவன் நீ! இருபத்தாறு வருஷத்தில் ஒரு வியாழன் தவறாதவன் பெயரை நான் என் கையால் அடிக்க வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை, ஆர்வில்.

ஒரு யோசனை சொல்கிறேன். ஆர்டிஸ் படுக்கையில் இருந்தபோது, வியாழன்தோறும் கூட்டம் முடிந்து நேரே உன் வீட்டுக்கு வந்து அன்றைய பேச்சை அவளுக்கு ஒப்பிப்பேன். அவளும் படுத்தபடியே பேச்சாளருக்கு ஒரு கேள்வி சொல்வாள். அடுத்த வாரம் அதைக் கூட்டத்தில் படிப்பேன். அதையே உனக்கும் செய்கிறேன். பேச்சை நான் எழுதுகிறேன், நீ ஒரு கேள்வி அனுப்பு, வருகை போட்டுவிடுகிறேன். தலைவி லவோனிடம் கேட்டேன்.

"விதியில இருக்கா?" என்றாள்.

"இல்லைன்னும் எழுதல."

"அப்ப என்னக் கேக்காத, செஞ்சிட்டுப் போ."

இன்று வந்தவர் பல் டாக்டர். நாங்கள் சுடச்சுட வந்த ஹாட்டிஷ் கலவையில் உருளைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தபோது விளக்கை அணைத்துவிட்டு, அழுகிய ஈறுகளின் படமாகத் திரையில் காட்டினார். ஒவ்வொரு ஈறும் சர்ச் கதவு அளவுக்கு இருந்தது. பேங்க்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வெர்னன் மட்டும் இருட்டில், "யாரும் சாப்பிடலைன்னா இப்படித் தள்ளுங்க" என்றான்.

கேள்வியை எதிர்பார்த்து,
வெண்டல்


மேசா, அரிசோனா
24 ஜனவரி 1996

செயலாளர் அவர்களுக்கு,

இது சங்கத்துக்கு எழுதும் கடிதம். உனக்கு அல்ல.

பல் டாக்டருக்குக் கேள்வி: அந்த ஈறுகளின் சொந்தக்காரர்களில் யாராவது நம் சங்கத்தில் இருக்கிறார்களா? இருந்தால் அவர் பக்கத்தில் இனி யாரை உட்கார வைப்பது?

நாளை நான்காவது வியாழன். இந்தக் கடிதம் நாளைக்கு அங்கே வந்து சேராது. ஆனால் முத்திரையில் தேதி 24. முத்திரைத் தேதிதான் செல்லும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தபால் தலையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாய்.

ஆ. லிண்டால்
உறுப்பினர் (இன்னும்)


ஸ்வான் பிரெய்ரி
1 பிப்ரவரி 1996, வியாழன்

அன்புள்ள ஆர்வில்,

உன் கேள்வியைப் படித்தேன். கூட்டமே சிரித்தது, லவோன் காபியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். சங்கப் பாட்டு பாடும்போது பாதிப் பேர் உதட்டைத் திறக்கவே இல்லை. உன் பெயருக்கு நேரே போன வியாழனுக்கும் இன்றைக்குமாக இரண்டு வருகை போட்டுவிட்டேன், பேனா அழுத்தியதில் பின்பக்கம் வரைக்கும் தெரிகிறது.

இன்று வந்தவள் கண்காட்சியில் ஊறுகாய்க்குப் பரிசு கொடுக்கும் அம்மாள். முப்பது வருஷமாக நாக்கால் நீதி வழங்குகிறாளாம். தோற்றவர்கள் அவள் வீட்டு அஞ்சல் பெட்டியில் வெள்ளரிக்காயைத் திணித்துவிட்டுப் போவார்களாம். ஒரு தடவை சொந்த நாத்தனாரின் பாட்டிலுக்கே மூன்றாம் பரிசு கொடுத்தாளாம். "அவ இன்னிக்கும் எங்கிட்டப் பேசறதில்ல. ஆனா அந்த ஊறுகாய் மூணாம் பரிசுதான்" என்றாள். இதைச் சொல்லும்போது ஏனோ என்னையே பார்த்தாள்.

இன்னொன்று. பேச்சாளர் புத்தகத்தை நீ எடுத்துப் போய்விட்டாய். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சாளர் பிடித்தவன் நீ, எல்லார் பெயரும் போன் நம்பரும் அதில்தான் இருக்கிறது. உன் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் போன் புத்தகத்தைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கிறேன். தயவுசெய்து அனுப்பு.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு. வெர்னனிடம் எப்படி இருக்கிறது என்றேன். "பரவாயில்ல, காத்து இல்ல" என்கிறான்.

உன்,
வெண்டல்


மேசா
12 பிப்ரவரி 1996

வெண்டல்,

ஊறுகாய் அம்மாளுக்குக் கேள்வி: அந்த நாத்தனார் எத்தனை வருஷமாகப் பேசவில்லை? யார் முதலில் பேசுவதாக உத்தேசம்?

ரோண்டா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். வாசலில் ஆரஞ்சு மரம் இருக்கிறது. பிப்ரவரியில் ஆரஞ்சு பறிப்பது எனக்குத் திருட்டுத்தனம் மாதிரி இருக்கிறது.

போன வாரம் இந்த ஊர்ச் சங்கத்துக்குப் போனேன். ஆமாம், போனேன். நூற்று நாற்பது பேர், ஓட்டல் ஹால், தட்டில் இலை தழைகள். பேச்சாளர் கோல்ஃப் மட்டையைப் பிடிப்பது எப்படி என்று பேசினார். பக்கத்தில் இருந்தவர் என் பெயரை மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் மறந்தார். நேரம் முடிந்ததும் மணிகூட இல்லை, மேஜையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சீட்டு கொடுத்தார்கள். அது என் சட்டைப்பையில் இருக்கிறது. உனக்கு அனுப்ப மாட்டேன்.

புத்தகத்தையும் அனுப்ப மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஊரில் உள்ளவனை எல்லாம் கூட்டி வந்து பேச வைத்தேன், நான் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. டிசம்பரில்தான் முதல்முறை நின்றேன். நாற்பத்தொரு வருஷம் என்னோடு வாழ்ந்தவளைப் பற்றி. நீ மணி அடித்தாய். எனக்கு அடுத்த வாக்கியம் இன்னும் தொண்டையில் நிற்கிறது, வெண்டல். ஆரஞ்சு தின்றாலும் இறங்கவில்லை.

ஆர்வில்


ஸ்வான் பிரெய்ரி
29 பிப்ரவரி 1996, வியாழன்

அன்புள்ள ஆர்வில்,

இன்று சாலையில் பனி தள்ளும் வண்டிக்காரர் பேச வேண்டியது. பதினோரு மணிக்குப் போன் வந்தது. பனியில் மாட்டிக்கொண்டாராம். அவரை இழுக்க இன்னொரு பனி தள்ளும் வண்டி போயிருக்கிறதாம். லவோன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

அப்புறம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சாளர் வரவில்லையென்றால் பேச்சாளர் பிடிக்கிறவன் பேச வேண்டும். நீ போட்ட விதி. நீ ஒரு நாளும் காலி விட்டதில்லை, அதனால் அது யார் தலையிலும் விழுந்ததில்லை. என் தலையில் விழுந்தது.

எழுந்து நின்றேன். ஆணி, திருகு, பெயிண்ட் பற்றி ஏதாவது பேசலாம் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷம் ஹார்டுவேர் கடை வைத்தவனுக்கு அதற்கா பஞ்சம்? ஆனால் எதிரே பின்சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"டிசம்பர்ல ஆர்விலுக்கு மணி அடிச்சேன். அப்ப ஒரு மணி ஆகல. பன்னெண்டு அம்பத்தாறு."

அவர்கள் எல்லாருக்கும் கடிகாரம் முதுகுப்பக்கம். என் மணியை நம்பித்தான் பத்தொன்பது வருஷமாக எழுந்து போகிறார்கள்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஸ் கடைசியாகச் சொன்ன கேள்வி ஒரு துண்டுச் சீட்டில் என்னிடம் இருக்கிறது, மணிப் பெட்டிக்குள். அவள் போய்விட்டாள், நான் அதைக் கூட்டத்தில் படிக்கவே இல்லை. நீ அன்று பேசப் பேச எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதிருப்பேன். எங்கள் ஸ்டாவ் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கையில் கிடைத்தது மணி. அடித்துவிட்டேன். அப்புறம் சட்டம், விதி, செனட்டர் என்று கதை அளந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

வெர்னன்தான் முதலில் பேசினான். "அப்ப ஆர்விலுக்கு நாலு நிமிஷம் மிச்சம் இருக்கு. வச்சிக் குடுத்துருவோம்." எல்லாரும் கை தூக்கினார்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி நான்கு நிமிடம் உன்னுடையது. வருகிறாயோ, எழுதி அனுப்புகிறாயோ, ஒன்றுமே செய்யாமல் எங்களை அந்த நான்கு நிமிடமும் சும்மா உட்கார வைக்கிறாயோ, உன் இஷ்டம்.

உன் நண்பன் என்று எழுதலாமா தெரியவில்லை,
வெண்டல்


மேசா
14 மார்ச் 1996

வெண்டல்,

மடையா, கடிகாரம் பேசுகிறவன் எதிரில்தான் தொங்குகிறது. எனக்குத் தெரியாதா? நானும் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தாறு.

அதனால்தான் வலித்தது. ஒரு மணிக்கு அடித்திருந்தால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நான்கு நிமிடம் முன்னால் அடித்தாயே, என் பேச்சு உனக்கு அவ்வளவு சலிப்பா, ஆர்டிஸ் உனக்கு அவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்போடு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓடி வந்துவிட்டேன். நீ அழுதிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் புத்தியும் அவ்வளவுதான்.

உள்ளே ஒரு உறை இருக்கிறது. நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறேன், தபால்காரன் ஒட்டிய ஒட்டு, ஆவி காட்டினாலும் பிரியாது. இருபத்தெட்டாம் தேதி எழுந்து நின்ற பிறகுதான் கிழிக்க வேண்டும். நீதான் படிக்க வேண்டும்.

பனி வண்டிக்காரருக்குக் கேள்வி: அவரை இழுக்கப் போன வண்டி திரும்பி வந்ததா?

ஆர்வில்


ஸ்வான் பிரெய்ரி
28 மார்ச் 1996, வியாழன்

அன்புள்ள ஆர்வில்,

இப்போது மணி மூன்று. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

எழுந்து நின்றேன், உறையைக் கடைக் கத்தியால் கிழித்தேன், படித்தேன். இங்கே வரைக்கும்தான் என்னால் முடிந்தது:

"என் அடுத்த வாக்கியம் இதுதான். ஆர்டிஸோட கடைசி ஏழு மாசத்துல அவ சிரிச்ச சத்தம் வியாழக்கிழமை மட்டும்தான் எங்க வீட்டுல கேட்டுது. பேச்சாளரக் கொண்டுபோய் விட்டுட்டு ரெண்டு மணிக்கு வருவேன். வாசல்லயே கேக்கும். உள்ள போக மாட்டேன், போனா நின்னுடுமோன்னு பயம். பூட்ஸக் கழட்டற மாதிரி அங்கயே குனிஞ்சுகிட்டு நிப்பேன். அவள சிரிக்க வச்சவன் இதோ, மணிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான். அவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லல. எழுந்திருடா வெண்டல்னு சொல்லத்தான் அவன் பக்கம் திரும்பினேன்."

ஆர்வில், நீ திரும்பினாய். நான் மணியை அடித்தேன்.

மிச்சத்தை லவோன்தான் வாங்கிப் படித்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். ஸ்டாவ் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள், எழுதி வைத்துக்கொள். பேங்க்காரர் கைக்குட்டை கொடுத்தார், வெர்னன் தன் எலுமிச்சைப் பார் இனிப்பைத் தட்டோடு என் பக்கம் தள்ளினான். வெர்னன் சாப்பாட்டை ஒருவருக்குத் தள்ளி நான் பார்த்ததே இல்லை.

ஒரு மணி ஆனது. ஒன்று ஐந்து ஆனது. எல்லாரும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்று பதினொன்றுக்கு வெர்னன்தான், "யாராவது அந்த மணிய அடிங்கப்பா, பன்னிங்க என்னத் தின்னுடும்" என்றான். அடித்தேன். சிரித்தபடி கலைந்தோம்.

வருகைப் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே போட்டுவிட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை, நீ இன்று இங்கே இருந்தாய்.

ஊருக்கு வாடா.

உன் நண்பன்,
வெண்டல்

பி.கு.: இழுக்கப் போன வண்டியும் மாட்டிக்கொண்டது. கடைசியில் வெர்னனின் டிராக்டர் போயிற்று.


மேசா
22 ஏப்ரல் 1996

அன்புள்ள வெண்டல்,

பேச்சாளர் புத்தகம் இத்துடன் வருகிறது. ஆரஞ்சுக் கறை ரோண்டாவின் உபயம். அவள் மே முதல் வாரத்தில் என்னை விமானத்தில் ஏற்றுகிறாள். "அப்பா, நீங்க இங்க வியாழக்கிழமை மட்டும் சாப்பிடவே மாட்டேங்கறீங்க" என்கிறாள். மேசா சங்கத்துச் சீட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். விதி விதிதான், உன் கடித வருகையை எவனாவது கேள்வி கேட்டால் காட்டு.

மே ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திறந்து பார். என் கையெழுத்தில் நிரப்பிவிட்டேன். மாற்ற முடியாது, பேனாவால் எழுதியிருக்கிறேன்.

பேச்சாளர்: வெண்டல் ஸ்டாவ்.
பொருள்: ஆர்டிஸ் கேட்ட கேள்விகள். கடைசிக் கேள்வி உட்பட.
மணி: ஆர்வில் லிண்டால்.

பன்னிரண்டு ஐம்பத்தாறு ஆனதும் மணி மேல் கையை வைத்து உன்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பேன். பயந்துவிடாதே. அடிக்க மாட்டேன். நீ அழுது முடிக்கும் வரைக்கும் அடிக்க மாட்டேன்.

என்றும் உன்,
ஆர்வில்