மூன்று மணிக்குத் தேடப்படும் பக்கம்

மாரண்டஹள்ளி,
18.10.2025

அன்புள்ள ஃபிராங்க்ளின் அண்ணனுக்கு,

தங்கை ஸ்டெஃபி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தோஹாவில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் தம்பியைப் பற்றி எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் லீவு முடிந்து நாளை தோஹாவுக்குக் கிளம்பும் நம் ஊர் வீரமணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டு வாரமாக மழை. தக்காளி செடியிலேயே வெடித்துப்போகிறது. அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை. ஆனாலும் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பதில்லை.

நம் பங்குக் கோயிலின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். ஜூனில் அதைப் புதிதாக மாற்றியபோது பழைய பக்கங்கள் பலவற்றை எடுத்துவிட்டேன். நம் தம்பி மரிய ஆனந்த் இறந்தபோது பாடல் குழுவினர் வைத்த பக்கமும், அதிலிருந்த அவன் பாட்டும் அப்படித்தான் போயின. தெரிந்தேதான் எடுத்தேன். இரண்டு வருடமாகியும் அதிலிருந்த அவன் படத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுவேன்.

இல்லாத பக்கத்தை யாராவது திறந்தால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வரும். எது, எப்போது தேடப்பட்டது என்ற பட்டியல் எனக்கு வரும். ஆகஸ்டில் அதைப் பார்த்தேன். தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு பக்கம் தேடப்பட்டிருந்தது. ஆனந்தின் பக்கம். வெள்ளிக்கிழமைகளில் ஆறு முறை, ஏழு முறை.

ஏதோ இயந்திரம் என்று நினைத்து, அங்கே வருபவர் தானாகவே முகப்புப் பக்கத்துக்குப் போகும்படி செய்தேன். நிற்கவில்லை. முகப்புக்குப் போன மறுநிமிடமே மீண்டும் அதே பக்கம். அதன்பின் மூன்று மணி ஆனாலே வேலையைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாக ஒரு வரி வந்து விழும். அவனே தன்னைத் தேடி வருகிறானோ என்றுகூட நினைத்தேன் அண்ணா. சிரிக்காதீர்கள்.

தேடுவது அம்மாவோ என்று அவரிடமே கேட்டேன். “எனக்குப் போன்ல பச்ச பட்டன அமுக்கத்தான்டி தெரியும்” என்றார். யார் தேடுகிறார்கள் என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன மாதம், முகப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு அங்கே இரண்டு வரி எழுதி வைத்தேன்: ‘இந்தப் பக்கம் இப்போது இல்லை. நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதினால் கண்டுபிடித்துத் தருவோம்.’ நான்காம் நாள் பதில் வந்தது. பெயர் இல்லை. ‘தம்பி பாடினது’ என்று மட்டும். எந்த நாட்டிலிருந்து என்று பார்த்தேன். கத்தார். இங்கே மூன்று மணி என்றால் அங்கே பன்னிரண்டரை, உங்கள் சாப்பாட்டு நேரம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை.

அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். நாங்கள் யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அங்கே நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலையை அவன் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டு வந்ததும், “இனிமே எங்கூடப் பேசாத” என்று நீங்கள் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். பாலக்கோடு ரோட்டில் லாரி மோதிய அன்று காலை அவன் உங்களைப் போனில் மூன்று முறை கூப்பிட்டதும் நீங்கள் எடுக்காததும் இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் போனை நான்தான் பார்த்தேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நான் செய்ததையும் கேளுங்கள். அந்தப் பாட்டைப் பதிவு செய்தது நான். தளத்தில் போடும்போது கடைசியில் கொஞ்சம் வெட்டிவிட்டேன். பாடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, “ஸ்டெஃபிக்கா, இத அண்ணனுக்கு அனுப்பி வுடு. கோவம் போனா அவுரே கூப்புடுவாரு” என்கிறான். நான் அனுப்பவில்லை. உங்கள் இரண்டு பேர் சண்டையில் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன். எட்டாம் நாள் அவன் போய்விட்டான்.

நேற்றுக் காலை அந்தப் பக்கத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்த முறை எதையும் வெட்டவில்லை. மூன்று மணிக்கு வந்தீர்கள். பாட்டு பதினோரு முறை ஓடியது.

இன்று மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். உங்களைக் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இறங்கியதும் நேராக உங்கள் அறைக்கு வரும்படி வீரமணியிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கதவைத் திறங்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். முடிந்தால் வாருங்கள், நாம் இரண்டு பேருமாகப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். முடியாவிட்டால் திட்டவாவது என்னைக் கூப்பிடுங்கள். மாதா உங்களைத் தனியே விடாமல் இருக்கட்டும்.

உங்கள் அழைப்புக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
ஸ்டெஃபி