அப்பெனிசா பன்றியை அவிழ்த்த கதை

அன்பு மகன் இலைத்தியாவுக்கு, உன் சித்தப்பா மனாசா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முட்டி ஒன்றைத் தவிர. கோலான் மலையில் குளிராமே, ஐ.நா. சட்டைக்கு உள்ளே சித்தி பின்னிக் கொடுத்ததையும் போட்டுக்கொள், வெட்கப்படாதே. நீ அங்கே காவலுக்குப் போனதிலிருந்து பீஜியில் பாதிப்பேர் இஸ்ரவேலைப் பற்றி என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். நானும் வேதப்பள்ளியில் பாதிவரை படித்தவன்தானே, மீதிப் பாதியை வாத்தியார்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது ஊர்ச் சண்டையைக் கேள். உன் அத்தை மகன் அப்பெனிசா சுவாவில் ஏதோ எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, நம் கோயில் பிரசங்க மேடையில் இஸ்ரவேல் கொடியைக் கட்டிவிட்டான். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு இன்றைக்கும் அந்த ஜனத்துக்குத்தான், நாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றான். நம் குலத் தலைவரும் உபதேசியாருமான வெரெனிக்கி பெரியப்பா அதைப் பிடுங்கிப் போட்டு, அந்த வாக்கெல்லாம் சபைக்கு வந்தாச்சு, இப்ப நாமதான்டா இஸ்ரவேல், அவங்க கதை முடிஞ்சது என்றார். அன்று சாயங்காலம் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தபோது பெரியப்பா விடவில்லை. முதல்ல இருந்தவனுக்குத்தான் உரிமைன்னு சொல்றியே, இந்த மண்ணுல முதல்ல இருந்தது நாங்க, உங்கம்மா இந்த வீட்டுப் பொண்ணுங்கிறதால ஒட்டிக்கிட்டவன் நீ, வீட்டையும் தோட்டத்தையும் விட்டுட்டுக் கிளம்பு என்றுவிட்டார். அவன் சும்மா இருப்பானா, பின்னால வந்தவன் முன்னவனைத் தள்ளிட்டு எல்லாத்தையும் எடுத்துக்கலாம்னு நீங்கதானே மாமா பிரசங்கம் பண்ணீங்க, அப்ப தோட்டம் எனக்கு, நீங்க கிளம்புங்க என்றான். கிண்ணம் அப்படியே நின்றது. அவரவர் உபதேசப்படி பார்த்தால் அவரவருக்கே மண் இல்லை, இந்த அதிசயத்தை எங்கேயாவது கண்டிருக்கிறாயா? நான் எழுந்து பேசினேன் மகனே, கடலே அலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பாதிப்பேர் தூங்கினார்கள் என்று சித்தி எழுதினால் நம்பாதே. ஆனால் பெரியப்பா மசியவில்லை.

மறுநாள் காலையில் அப்பெனிசாவின் பெண்டாட்டி அழுதுகொண்டே பாய்களைச் சுருட்டி லாரியில் ஏற்றினாள். அவன் அப்பாவின் ஊர் லாவுத் தீவுக்கூட்டத்தில், அங்கே இவர்களை யாருக்குத் தெரியும்? திடீரென்று அப்பெனிசா லாரியிலிருந்து குதித்தான், நேரே பெரியப்பாவின் பன்றிப்பட்டிக்குப் போனான், ஒரு பன்றியின் கயிற்றை அவிழ்த்தான். தாய்மாமன் வீட்டில் அக்கா மகன் கைவைத்ததை மறுக்கக்கூடாது என்பது நம் வழக்கம். மறுத்தால் நீ என் மருமகனே இல்லை என்று ஊரறியச் சொன்னதாகும், விட்டால் வீட்டுப்பிள்ளை என்றாகும், வீட்டுப்பிள்ளையை எந்தத் தோட்டத்திலிருந்து விரட்டுவது? பெரியப்பா கையில் வெட்டுக்கத்தி. அவர் பன்றியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், டேய் மடையா அது சினையா இருக்கு, அந்தப் பெருச இழுத்துட்டுப் போ என்று தாமே பட்டியைத் திறந்துவிட்டார். பாய்கள் இறங்கின. குழி அடுப்பு மூட்டி இரண்டு கட்சியும் சேர்ந்தே தின்றோம். கொடி இப்போது அப்பெனிசா வீட்டு வாசலில் பறக்கிறது, பெரியப்பா ஞாயிறுதோறும் நாமே இஸ்ரவேல் என்கிறார், இவன் முன்வரிசையில் உட்கார்ந்து இருமுகிறான்.

எனக்கு ஒரே யோசனை. சபையும் இப்படித்தானோ, மண்ணுக்குச் சொந்தக்காரனும் இல்லை, அந்நியனும் இல்லை, உரிமையோடு கயிற்றை அவிழ்க்கிற மருமகனோ? அப்படியானால் இஸ்ரவேல் நமக்குத் தாய்மாமன் ஆகவேண்டுமே! போதகரைக் கேட்டேன், வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லையே என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு கறி வாங்கிக்கொண்டார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, தலைக்கவசத்தைக் கழற்றாதே, ஞாயிறு ஜெபத்தை விடாதே. அங்கே யூதர் யாராவது பழக்கமானால் இந்தக் கதையைச் சொல்லி, மருமகன் கைவைத்தால் நீங்கள் விடுவீர்களா என்று கேட்டு எழுது. பன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே, ஆடு என்று சொல்.

உன்னை மார்பில் தூக்கி வளர்த்த சித்தப்பா,
மனாசா